பாடிப் பார்த்து எழுதியவர்

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-இல் தொடங்கி 1964 வரை எட்டுப் பெரிய தொகுப்புகளைப் பதிவு செய்தார். ஒவ்வொன்றும் ஒருவருடைய, அல்லது சேர்ந்து வேலை செய்த ஒரு ஜோடியுடைய பாடல்கள். கோல் போர்ட்டர், ட்யூக் எல்லிங்டன், இர்விங் பெர்லின், ஹரால்ட் ஆர்லன், ஜெரோம் கெர்ன் என்று அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் மெட்டுப் போட்டவர்கள், ஜோடியாக வந்த இடங்களிலும் ஒருவர் மெட்டுக்காரர். கடைசித் தொகுப்பு மட்டும் வேறு மாதிரி. அதில் மெட்டுகள் பத்துப் பேருக்கு மேல் சொந்தமானவையாக இருக்கலாம், ஆனால் அட்டையில் இருப்பது வார்த்தை எழுதிய ஒருவரின் பெயர்தான். ஜானி மெர்சர்.

அமெரிக்காவின் மிகச் சிறந்த பாடகி ஒருவர் ஒரு பாடலாசிரியரை மட்டும் ஏன் இப்படித் தனியாக எடுத்துப் பாடினார் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் எளிமையானது. மெர்சர் பாடகர்களுக்குப் பிடித்த பாடலாசிரியர். அவரே பாடகர் என்பதுதான் அதற்குக் காரணம். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்க வானொலியில் அவர் குரலைத் தெரியாத வீடு குறைவு, அவர் பாடிய இசைத்தட்டுகள் முதலிடத்துக்குப் போயிருக்கின்றன. காகிதத்தில் அழகாக இருக்கும் வரிக்கும் வாயில் அழகாக உட்காரும் வரிக்கும் இருக்கிற வித்தியாசம் அவருக்கு நாக்கிலேயே தெரியும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடலாசிரியர் மெர்சர், பாடகர் மெர்சர், இசைத்தட்டு நிறுவனம் நடத்திய மெர்சர் என்று மூன்று பேராகப் பிரித்து எழுதுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றும் ஒரே காதின் வேலை.

அந்தக் காது உருவான இடம் ஜார்ஜியா மாநிலத்தின் துறைமுக நகரமான சவானா. 1909 நவம்பர் 18-ஆம் தேதி அங்கே வசதியான, பழைய வெள்ளையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆனால் வீட்டில் வேலை பார்த்தவர்களும் கூட விளையாடிய பிள்ளைகளும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். கடலோர ஜார்ஜியாவில் ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து உருவான குல்லா என்ற பேச்சு உண்டு, அது அவருக்குச் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டது. கோடைக்காலங்கள் நகருக்கு வெளியே ஆற்றங்கரை வீட்டில் கழிந்தன. தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடினார். கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினார். பிற்பாடு அவர் பாட்டில் வந்த ரயில் ஊதலும், ஆறும், பறவையும், மர நிழலில் சோம்பிக் கிடக்கும் ஆளும் எல்லாம் இங்கிருந்து வந்தவைதான்.

1927-இல் அப்பாவின் நிலம், வீடு விற்கும் தொழில் சரிந்தது. ஊர்க்காரர்கள் பலர் அதில் பணம் போட்டிருந்தார்கள், கடன் சுமார் 10 லட்சம் டாலர் என்பார்கள். அப்பா திவால் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள மறுத்துவிட்டு, சாகும் வரை முடிந்த அளவு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகும் பேச்சு அத்தோடு நின்றது. இந்தக் கடன் கதை பின்னால் திரும்பி வரும், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1928-இல் நியூயார்க் போனார், நடிகராகும் ஆசையில். சின்னச் சின்ன வேடங்கள், இடையிடையே பங்குச் சந்தைப் பக்கம் எடுபிடி வேலை. 1930-இல் ஒரு மேடை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனபோது, நடிகர்கள் போதும், பாட்டு வேண்டுமானால் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். எவரெட் மில்லரின் மெட்டுக்கு எழுதிக் கொடுத்த பாட்டு அந்த ‘கேரிக் கேயட்டீஸ்’ நிகழ்ச்சியில் இடம்பெற்றது, அதுதான் அச்சில் வந்த அவருடைய முதல் பாடல். அதே நிகழ்ச்சியில் ஆடிய ஜிஞ்சர் மீஹனை அடுத்த வருடம் திருமணம் செய்துகொண்டார்.

1932-இல் பால் வைட்மனின் புகழ்பெற்ற இசைக்குழு நடத்திய பாட்டுப் போட்டியில் ஜெயித்து, அந்தக் குழுவில் பாட ஆரம்பித்தார். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து நியூயார்க் பாடலாசிரியர்கள் பலர் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள், நகரத்துக்காரர்கள், புத்திசாலித்தனமான இயைபுகளில் கை தேர்ந்தவர்கள். மெர்சர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவோடு பாடிப் பழகிய ஆள். தாளம் எங்கே இழுக்கும், எங்கே விட்டுக்கொடுக்கும் என்பது உடம்பில் ஏறிவிட்டது. 1933-இல் இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலோடு சேர்ந்து ‘லேஸிபோன்ஸ்’ எழுதினார். வேலை வெட்டி இல்லாமல் வெயிலில் படுத்துக்கிடக்கும் ஒருவனைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும் பாட்டு. நாடே வேலையில்லாமல் தவித்த பெருமந்தக் காலத்தில் அது பெரிய வெற்றி பெற்றது. இரண்டு பேருமே நகரத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், கார்மைக்கேல் இண்டியானாக்காரர். அந்தப் பாட்டில் தெரியும் நிதானம் நியூயார்க் எழுத்தில் அவ்வளவாகக் கிடைக்காதது.

1935-இல் ஹாலிவுட். முதல் படங்களில் நடிக்கவும் செய்தார், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஹாலிவுட்டிலிருந்து சவானாவுக்குக் காரில் போகும் வழியில், டெக்சாஸில் மாடு மேய்ப்பவர்கள் குதிரையை விட்டுவிட்டுக் காரில் போவதைப் பார்த்து, மாடு பிடிக்கவே தெரியாத ‘பழைய கௌபாய்’ ஒருவனைப் பற்றி ஓர் உறையின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு எழுதினார். மெட்டும் அவருடையதே. 1936-இல் பாடகர் பிங் க்ராஸ்பி அதைப் படத்தில் பாட, மெர்சர் ஹாலிவுட்டில் நிலைத்தார். அப்புறம் வார்னர் பிரதர்ஸ் படநிறுவனத்தில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வைட்டிங்கோடு சேர்ந்து வேலை. 1938-இல் வைட்டிங் இறந்ததும் ஹாரி வாரனோடு. ‘ஜீப்பர்ஸ் க்ரீப்பர்ஸ்’ அந்த வருடத்துப் பாட்டு, லூயி ஆம்ஸ்ட்ராங் படத்தில் பாடினார்.

அவர் எப்படி எழுதினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மெட்டு முதலில், வார்த்தை பிறகு. இசையமைப்பாளர் பியானோவில் வாசிப்பார், மெர்சர் சோபாவில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார், தூங்குகிறாரோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அசைவில்லாமல். பிறகு எழுந்து போய்விடுவார். சில சமயம் அரை மணி நேரத்தில் வரிகள் வரும், சில சமயம் மாதக்கணக்கில் வராது. மெட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது, அது என்ன என்று கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்பது போலத்தான் அவர் நடந்துகொண்டிருக்கிறார். நீளும் சுரத்தில் நெடிலை வைப்பார், ஒற்று வந்தாலும் குரலைச் சட்டென்று அடைக்காத மெல்லின ஒற்றாக வைப்பார். ஆங்கிலத்துக்கு நெடில், குறில் கணக்கு நம்மைப் போல இலக்கணமாக இல்லை, ஆனால் பாடுகிற தொண்டைக்கு எல்லா மொழியிலும் ஒரே கணக்குதான்.

1941-இல் ஹரால்ட் ஆர்லனுக்கு ‘ப்ளூஸ் இன் த நைட்’ எழுதியபோது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். மெர்சர் நாலு பக்கத்துக்கு வரிகள் எழுதிக்கொண்டு வந்தார். ஆர்லனுக்குப் பாட்டின் தொடக்கம் பிடிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டியவர், நாலாவது பக்கத்தில் கிடந்த வேறொரு வரியைப் பார்த்தார், தன் அம்மா அன்றைக்கே எச்சரித்தாள் என்று ஒருவன் சொல்வது போன்ற வரி. அதைத் தூக்கி மேலே போடச் சொன்னார். அந்த வரி இல்லாத அந்தப் பாட்டை இன்று யோசித்துப் பார்க்கவே முடியாது. தெற்கத்திக் கிராமத்துப் பேச்சு, இலக்கணம் உடைந்த பேச்சு, ஆனால் மெட்டின் முதல் அடிகளோடு பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தது போல இருக்கிறது. தெற்கு நகரங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கும் இடமும் அப்படித்தான், அந்த ஊர்கள் எங்கே என்று தெரியாமலே அவற்றின் ஒலியில் ஒரு தூரம் தெரியும். அந்த வருடம் ஆஸ்கர் இந்தப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. வென்றது ஜெரோம் கெர்ன் மெட்டுப் போட்ட, படத்துக்கென்று எழுதப்படாத ஒரு பாட்டு. கெர்னே அது நியாயமில்லை என்று நினைத்தார், படத்துக்காகவே எழுதப்பட்ட பாட்டுகள்தான் போட்டியிடலாம் என்று விதி மாறியது அதற்குப் பிறகுதான்.

ஆர்லன், மெர்சர் இருவரும் சேர்ந்து எழுதியவற்றில் எனக்கு உச்சம் 1943-இல் ஒரு ஃப்ரெட் அஸ்டேர் படத்துக்காக வந்த ‘ஒன் ஃபார் மை பேபி’. இரவு இரண்டே முக்கால் மணி, காலியான மதுக்கடை, ஒருவன் மது ஊற்றுபவரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பாட்டு முழுக்கத் தன்னிடம் ஒரு கதை இருக்கிறது என்று சொல்கிறானே தவிரக் கதையைச் சொல்வதே இல்லை. காதல் போய்விட்டது என்பது மட்டும் புரிகிறது. கடைசியில் தன் பேச்சைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டு, இன்னும் நீண்ட வழி போக வேண்டும் என்று எழுந்துகொள்கிறான். எத்தனையோ பேர் துக்கத்தை வர்ணித்து எழுதியிருக்கிறார்கள், இங்கே வர்ணனையே கிடையாது. துக்கப்படுகிறவன் உண்மையில் எப்படிப் பேசுவானோ, அதாவது சுற்றி வளைத்து, விஷயத்துக்கு வராமல், மரியாதை தவறாமல், அப்படி எழுதியிருக்கிறார். ஆர்லன் மெட்டும் வழக்கமான 32 தாள அளவுகளுக்குள் நிற்காமல், நடுவில் சுருதி மாறி, அலைந்து திரிகிற மெட்டு. ஃப்ராங்க் சினாட்ரா 1958-இல் பில் மில்லரின் பியானோவோடு பதிவு செய்ததைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பார்கள். சினாட்ரா அதைப் பாடும்போது நடிப்பதாகவே தோன்றாது, காரணம் அந்த வரிகளே அவரை நடிக்க விடுவதில்லை.

‘ஸ்கைலார்க்’ வேறு கதை. கார்மைக்கேலின் மெட்டு, கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்த ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கின் வாசிப்பை மனதில் வைத்துப் போட்டது, அதனால் பாடுவதற்குக் கடினமான தாவல்கள் கொண்டது. அதை வாங்கி வைத்துக்கொண்டு மெர்சர் ஒரு வருடம் போல அல்லாடினார். கடைசியில் வரிகளை முடித்துத் தொலைபேசியில் பாடிக் காட்டியபோது, அப்படி ஒரு மெட்டைக் கொடுத்ததையே கார்மைக்கேல் மறந்துபோயிருந்தாராம். ஒரு பறவையிடம் கேட்கும் கேள்விகளாகவே பாட்டை அமைத்துவிட்டார், தாவித் தாவி மேலே போகும் சுரங்கள் கேள்வியின் இயல்பான ஏற்றமாக மாறிவிட்டன. கடினமான மெட்டு இயற்கையான பேச்சாகிவிட்டது. இதைச் செய்ய ஒரு வருடம் ஆனதில் ஆச்சரியமில்லை.

சரி, 1942-க்கு வருவோம். மெர்சரின் வாழ்க்கையில் மிகத் துணிச்சலான காரியம் அந்த வருடம் நடந்தது. ஹாலிவுட்டில் சன்செட், வைன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த க்ளென் வாலிக்ஸ், பாரமவுண்ட் படநிறுவனத்தில் தயாரிப்புத் தலைவராக இருந்த பட்டி டிசில்வா, மெர்சர், இந்த மூவரும் சேர்ந்து கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்கள். அதுவரை அமெரிக்க இசைத்தட்டு வணிகம் விக்டர், கொலம்பியா, டெக்கா என்ற மூன்று கிழக்குக் கரை நிறுவனங்களின் கையில் இருந்தது. மேற்குக் கரையில் ஒரு பாடலாசிரியர் தலைவராக உட்கார்ந்து அவர்களோடு போட்டி போடுவது என்பதே அப்போது கேள்விப்படாதது.

தொடங்கிய நேரமோ மிக மோசம். போர் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து இசைத்தட்டுகளுக்கு முக்கிய மூலப்பொருள் அரக்கு, மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் கப்பலில் போனது. போரால் கப்பல் போக்குவரத்து தடைபட்டது, வெடிபொருள், மின்கருவி போன்ற ராணுவத் தேவைகளுக்கும் அரக்கு வேண்டியிருந்தது, அதனால் ராணுவம் சாராத பயன்பாட்டை அரசாங்கம் 70 சதவீதம் குறைத்துவிட்டது. புதிய இசைத்தட்டு வாங்க வருகிறவர்களிடம் பழைய தட்டுகளைத் திருப்பி வாங்கி, உடைத்து அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். அது போதாதென்று 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர்கள் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், பதிவரங்குகளுக்கு வருவதையே நிறுத்தியது. கேப்பிட்டலின் முதல் தட்டுகள் வெளிவந்தது ஜூலை 1. ஒரே ஒரு மாதம்தான் இடைவெளி. அந்த மாதத்தில் இரவும் பகலுமாக முடிந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டுத்தான் பிழைத்தார்கள். 1943 அக்டோபரில் கேப்பிட்டல் சங்கத்தோடு சமரசம் செய்துகொண்டது, விக்டரும் கொலம்பியாவும் அதற்கு 1944 நவம்பர் வரை எடுத்துக்கொண்டன. அந்த ஒரு வருட முன்தூரம் புதிய நிறுவனத்துக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஆனால் அரக்கும் அவகாசமும் மட்டும் நிறுவனத்தை வளர்க்கவில்லை. யாரைப் பாட வைப்பது என்பதில் மெர்சரின் காது வேலை செய்தது. எல்லா மே மோர்ஸ் என்ற பதின்வயதுப் பெண் ஃப்ரெடி ஸ்லாக்கின் குழுவோடு பாடிய ‘கௌ கௌ பூகி’ முதல் பெரிய வெற்றி. ரிச்சர்ட் வைட்டிங்கின் மகள் மார்கரெட்டை, சிறுமியாக இருந்தபோதே கேட்டு வளர்த்தவர், கேப்பிட்டலுக்கு அழைத்து, மறைந்த அப்பாவின் மெட்டையும் பாட வைத்தார். பில்லி ஹாலிடே மெர்சரின் ‘ட்ராவ்லின் லைட்’ பாட்டை 1942-இல் வைட்மன் குழுவோடு பாடினார், வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் ‘லேடி டே’ என்று மட்டும் போட்டார்கள். நாட் கிங் கோல் 1943-இல் வந்து சேர்ந்தார். ஜோ ஸ்டாஃபோர்ட், பெக்கி லீ என்று பட்டியல் நீளும். இந்தக் குரல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். யாரும் வார்த்தையை விழுங்க மாட்டார்கள், யாரும் கத்த மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடுவார்கள். வானொலி அறிவிப்பாளர்களுக்கு இலவசமாகத் தட்டுகள் அனுப்பும் பழக்கத்தைத் தொடங்கியதும் இவர்கள்தான், பிறகு அது எல்லா நிறுவனங்களும் செய்யும் சாதாரண விஷயமாகிவிட்டது.

தலைவராக இருந்துகொண்டே அவரும் பாடினார். ‘ஜி.ஐ. ஜைவ்’ 1944-இல், ராணுவச் சிப்பாயின் தினப்படி வாழ்க்கையை ராணுவச் சுருக்கெழுத்துகளாலேயே எழுதிய பாட்டு, சொல்லும் மெட்டும் அவருடையவை. 1945-இல் மட்டும் ஜோ ஸ்டாஃபோர்டோடு பாடிய ‘கேண்டி’, ‘அக்சென்ச்சுவேட் த பாசிட்டிவ்’, அட்சிசன் ரயில் கம்பெனியைப் பற்றிய பாட்டு என்று மூன்று தட்டுகள் முதலிடத்துக்குப் போயின. ரயில் பாட்டுக்குக் கரு, சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த அந்த ரயில்வேயின் நீளமான பெயர். அதைப் படிக்கும்போதே சக்கரம் ஓடும் தாளம் இருந்ததால் அப்படியே பிடித்துக்கொண்டார். படத்தில் ஜூடி கார்லண்ட் பாடியது 1946-இல்தான் திரைக்கு வந்தது, அதற்கு முன்பே மெர்சரின் தட்டு ஊரெல்லாம் ஓடிவிட்டது. முதல் ஆஸ்கர் இதற்குத்தான்.

அவர் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய குரல் இல்லை, எட்டும் உயரமும் அதிகமில்லை, கொஞ்சம் கரகரப்பு, நிறைய தெற்கத்தி இழுப்பு, பல்லுக்கிடையில் ஒரு சிறிய இடைவெளி, அதையும் மறைக்காத சிரிப்பு. வானொலியில் மட்டும் கேட்டவர்களில் பலர் அவரைக் கறுப்பினப் பாடகர் என்றே நினைத்தார்கள், ‘ஜி.ஐ. ஜைவ்’ கறுப்பின மக்களிடையே விற்ற தட்டுகளின் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. அவர் பேச்சும் தாளமும் கறுப்பின மக்களிடமிருந்து வந்தவை. அவர் அதை மறைக்கவில்லை, கேலி செய்யும் தொனியிலும் பெரும்பாலும் எழுதவில்லை. ஆனாலும் அவருக்குத் திறந்த ஸ்டூடியோக் கதவுகள் அந்தப் பேச்சின் சொந்தக்காரர்களுக்கு அதே அளவில் திறக்கவில்லை. 1946-இல் ஆர்லனோடு சேர்ந்து ‘செயின்ட் லூயிஸ் உமன்’ என்ற நாடகத்துக்குப் பாடல்கள் எழுதினார். கதை எழுதியவர்கள் கறுப்பின எழுத்தாளர்களான அர்னா போன்டெம்ப்ஸும் கவுன்டி கல்லனும், நடித்தவர்களும் கறுப்பினக் கலைஞர்கள். ஆனால் பாத்திரங்கள் கறுப்பினத்தாரைத் தாழ்த்திக் காட்டுகின்றன என்று எதிர்ப்பு வந்தது, கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹோர்ன் நடிக்க மறுத்தார். கல்லன் அரங்கேற்றத்துக்கு முன்பே இறந்துவிட்டார். 113 காட்சிகளோடு நாடகம் நின்றுபோனது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன், அதே சமயம் அதிலிருந்து வந்த ‘கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்’ பாட்டைக் கறுப்பினப் பாடகர்களே தலைமுறை தலைமுறையாகத் தங்களுடையதாக்கிப் பாடியிருக்கிறார்கள், ரே சார்ல்ஸ் பாடியதைக் கேட்டால் தெரியும்.

கேப்பிட்டல் வேகமாக வளர்ந்தது, அந்த வளர்ச்சிதான் அவரை விலக்கியது. பக்கத்து அறையில் யார் பாடுகிறார்கள் என்று தெரிகிற நிறுவனம் அவருக்குப் பிடித்திருந்தது, கணக்கர்களும் கூட்டங்களும் பிடிக்கவில்லை. 1947-இல் தலைவர் பதவி வாலிக்ஸிடம் போனது. 1955-இல் பிரிட்டிஷ் நிறுவனமான ஈ.எம்.ஐ. கேப்பிட்டலை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தப் பணம் கைக்கு வந்ததும் மெர்சர் செய்த முதல் காரியங்களில் ஒன்று சவானா வங்கிக்கு 3 லட்சம் டாலருக்கு ஒரு காசோலை அனுப்பியது. அப்பாவின் கம்பெனியில் பணம் போட்டு இழந்தவர்களுக்கு மிச்சமிருந்த கடனைத் தீர்த்துவிடச் சொல்லி. தொழில் விழுந்து 28 வருடம், அப்பா இறந்தும் 15 வருடம் ஆகியிருந்தது. சட்டப்படி அவர் கொடுக்க வேண்டிய காசு இல்லை அது.

ஐம்பதுகளில் வேலை குறையவில்லை. பிரெஞ்சில் ஜாக் ப்ரெவர் எழுதி ஜோசஃப் கோஸ்மா மெட்டமைத்த பாட்டுக்கு ஆங்கில வரிகள் கொடுத்தார். பிரெஞ்சுத் தலைப்பின் நேர்ப்பொருள் ‘செத்த இலைகள்’, மெர்சர் அதை ‘ஆட்டம் லீவ்ஸ்’ ஆக்கினார். பிரெஞ்சுப் பாட்டின் நீளமான முன்பகுதியை விட்டுவிட்டுப் பல்லவிக்கு மட்டும் சில வரிகள், அவ்வளவுதான். இன்று ஜாஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் வாசிக்கும் மெட்டுகளில் அதுவும் ஒன்று. 1951-இல் கார்மைக்கேலோடு இரண்டாவது ஆஸ்கர். ‘செவன் ப்ரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படம், ‘லில் ஆப்னர்’ நாடகம், இவற்றில் நல்ல பாடல்கள் இருக்கின்றன, ஆனால் நாடக மேடை அவருக்கு எப்போதும் முழுசாகக் கை கொடுக்கவில்லை. கதைக்குள் பாட்டை வைப்பதைவிட மூன்று நிமிடத்துக்குள் ஒரு கதையை வைப்பதில்தான் அவர் பலம்.

1961. ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ படத்துக்கு ஹென்றி மான்சினி ஒரு மெட்டுப் போட்டார். ஆட்ரி ஹெப்பர்ன் பயிற்சி பெற்ற பாடகி இல்லை, அவர் குரல் எட்டும் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால் மான்சினி ஒரு மாதம் யோசித்து, கடைசியில் அரை மணி நேரத்தில் முடித்தாராம். மெர்சர் முதலில் ‘ப்ளூ ரிவர்’ என்று யோசித்தார், அந்தத் தலைப்பு ஏற்கெனவே இருந்ததால் ‘மூன் ரிவர்’ ஆனது. ஒலிக்கும் அது நல்லதாகவே முடிந்தது. முதல் சுரம் நீளமாக நிற்கிறது, அதில் ‘மூன்’ என்ற நெடில், முடிவில் மெல்லின ஒற்று, தேர்ந்த குரல் இல்லாத நடிகை ஜன்னலில் உட்கார்ந்து கிதாரோடு முணுமுணுத்தாலும் அந்த ஒலி தானாக மிதக்கும். அந்தப் பாட்டில் நண்பரைக் குறிக்க அவர் போட்ட ‘ஹக்கிள்பெர்ரி’ என்ற சொல்லைப் பற்றி நிறைய பேர் நிறைய விளக்கம் சொல்வார்கள், அவருக்கு அது சின்ன வயதில் ஆற்றங்கரையில் பறித்துத் தின்ற பழம். நியூயார்க்கில் வாழும் கிராமத்துப் பெண்ணின் பாட்டுக்குள் சவானாவின் ஆற்றங்கரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். படத்தை முதலில் போட்டுப் பார்த்தபோது பாட்டை வெட்டிவிடலாம் என்று தயாரிப்புத் தரப்பில் ஒருவர் சொல்ல, ஹெப்பர்ன் கடுமையாக எதிர்த்திருக்கிறார். மூன்றாவது ஆஸ்கர். அடுத்த வருடமே மான்சினியோடு ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’, நாலாவது ஆஸ்கர். அந்தப் பாட்டு முழுவதுமே இரண்டே இரண்டு வாக்கியங்கள். பாடிப் பாருங்கள், மூச்சு எங்கே விட வேண்டும் என்பதை மெட்டு சொல்லிவிடுவதால் வாக்கியத்தின் நீளம் தெரியவே தெரியாது.

குடிகாரத் தம்பதியின் கதையான அந்தப் படத்துக்கு எழுதியவருக்குக் குடி வெளியிலிருந்து பார்த்த விஷயம் இல்லை. நிதானத்தில் இருக்கும்போது எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர், குடித்தால் நாக்கு கடுமையாகிவிடும், மறுநாள் காலையில் திட்டு வாங்கியவர் வீட்டுக்கு ரோஜாப்பூக்கள் வரும். கூட இருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் பாட்டில் வரும் வருத்தங்கள் எங்கோ நிஜமாக வலித்தவை என்று நினைக்க இது ஒரு காரணம்.

1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்தார்கள், கேப்பிட்டல் வெளியிட்ட தட்டுகளோடு. பாடுகிறவர்களே எழுதிக்கொள்ளும் காலம் வந்தது, அடுத்தவருக்கு எழுதுகிறவர்களுக்கு வேலை சுருங்கியது. 1969-இல் பாடல் எழுதுபவர்களுக்கான ‘சாங்ரைட்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் இவர் ஒருவர், முதல் தலைவரும் இவர்தான். 1974-இல் லண்டனில் பீட் மூரின் இசைக்குழுவோடு தன் பாடல்களை மறுபடி பாடிப் பதிவு செய்தார். மூளையில் கட்டி வந்து, 1976 ஜூன் 25-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். சவானாவின் பொனவென்ச்சர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் வீட்டருகே ஓடும் நீரோடைக்கு இப்போது மூன் ரிவர் என்றே பெயர்.

பாடகர் மெர்சரைக் கேட்டதில்லை என்றால் 1961-இல் பாபி டாரினோடு சேர்ந்து பாடி வெளியிட்ட ‘டூ ஆஃப் எ கைண்ட்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம், இசைக்குழுவுக்கான வாத்திய அமைப்பு பில்லி மே. இருபத்து நான்கு வயதுக்காரரும் ஐம்பதைத் தாண்டியவரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வரியைப் பறித்துக்கொண்டு பாடுவார்கள், சிரிப்பு அப்படியே பதிவாகியிருக்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1957-இல் ஓஹையோவில் ஒரு கடையில் அழகுசாதனப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மெர்சருக்குக் கடிதம் எழுதினார். முகவரி தெரியாது, அதனால் ‘ஜானி மெர்சர், பாடலாசிரியர், நியூயார்க்’ என்று மட்டும் எழுதிப் போட்டார், அஞ்சல்காரர்கள் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மனைவியை விட்டு அவா கார்ட்னரிடம் போன சினாட்ராவை பிறகு கார்ட்னரும் விட்டுப் போன செய்தியைப் படித்ததில் அந்தப் பெண்மணிக்கு ஒரு வரி தோன்றியிருந்தது, உன் மனதையும் ஒருவர் உடைக்கும்போது பார்க்க நான் அங்கே இருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில். இதை வைத்து ஏதாவது எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த வரி அப்படியே வாயிலிருந்து வந்த பேச்சு, மெர்சருக்கு அது போதும். மிச்சத்தை எழுதி, மெட்டும் போட்டார். டோனி பென்னட் பாடி 1963-இல் அது பெரிய வெற்றி பெற்றது. ராயல்டியில் அந்தப் பெண்மணிக்குப் பங்கு போனது, ‘ஐ வான்னா பி அரவுண்ட்’ என்ற அந்தப் பாட்டின் அச்சுப் பிரதியில் எழுதியவர்கள் என்ற இடத்தில் இன்றும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.